ஒரு முறம் தவிடு

செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழையும்போதே
இடுப்பிலிருக்கும் ரசீது மெஷின்
வெயில் குடித்துச் சுட ஆரம்பித்துவிட்டது.
பேப்பர் ரோல் இரண்டு மீதி.
பாக்கிப் பட்டியலில் நாற்பத்தொரு கதவு.

முதல் கதவு கொலுசுப் பட்டறை.
அங்கண்ணன் எழவில்லை.
ஊதுகுழலை மட்டும் வாயிலிருந்து எடுத்தார்.
"எங்க குப்பையைத் தேடி
மாசம் ஒருத்தன் வர்றாம்மா.
கூட்டின மண்ணு, கை கழுவின தண்ணி,
கால் துடைக்கிற சாக்கு,
எல்லாத்துக்கும் அவன் எனக்குக் காசு தர்றான்.
நீ என்னடான்னா
என் குப்பைக்கு என்கிட்டயே கேக்கற."
பிறகு என் செருப்பைப் பார்த்தார்.
"போறப்ப தட்டிட்டுப் போ.
ஒருத்தன் டீச்செலவு அதுல ஒட்டியிருக்கும்."
தட்டினேன்.
கட்டணத்தையும் கட்டினார்.
வணிக இனம், சதுர அடிக் கணக்கு.

அடுத்தது பரோட்டாக் கடை.
"கடை இல்லீங்க, வீடு" என்றார் நசுருதீன்.
கல் காய்ந்துகொண்டிருந்தது.
முட்டை அட்டை பதினாறு, அடுக்கி வைத்தபடி.
மாவு மூட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே
தூளி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.
வீடும்தான்.
குடியிருப்புக்கு ஒரு பட்டன், வணிகத்துக்கு ஒரு பட்டன்.
இரண்டுக்கும் நடுவே மெஷினில் எதுவுமில்லை.
அவர் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்
ஆதார் அட்டை காட்டுவதுபோல.
நாளைக்கு வருகிறேன் என்றேன்.

அதன்பின் ஒன்பது பூட்டு.

பாலத்தில் ஒருவர்
ஸ்கூட்டரை நிறுத்தாமலே கறுப்புப் பையை வீசினார்.
திருமணிமுத்தாறு வாங்கிக்கொண்டது.
ஆறு ரசீது போடுவதில்லை.
அதன் பெயரில் மணியும் கிடக்கிறது, முத்தும் கிடக்கிறது.
மக்குமா மக்காதா என்று
யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

குகையில் மூன்றடிச் சந்து.
குப்பை வண்டி பாட்டோடு வரும்,
முனையில் நிற்கும்,
பாட்டோடு போய்விடும்.
கடைசி வீட்டில் தறிச் சத்தம் நின்றது.
"பேரு?"
"குப்பாயி."
நிமிராமல் அடித்தேன்.
மெஷின் முனகிக்கொண்டே துப்பியது:
பெயர் குப்பாயி
இனம் குடியிருப்பு
விவரம் குப்பைக் கட்டணம்
தொகை நூற்றிருபது.

சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.
"ரெண்டு தரம் போட்டுட்டியே கண்ணு, என் பேரை.

எனக்கு மின்ன மூணு தங்கலை.
என்னையாச்சும் எமன் எடுக்காம இருக்கட்டும்னு
குப்பைமேட்டுல கிடத்திட்டாங்க.
எதுத்த வீட்டுக்காரி பொறுக்கியெடுத்தா.
ஒரு முறம் தவிடு அளந்து குடுத்து
எங்கம்மா என்னை வாங்கிக்கிட்டா.
தவிட்டுக்கு யாரும் சீட்டுக் குடுக்கலை."

சொல்லிக்கொண்டே எண்ணினார்,
எல்லாம் பத்து ரூபாய்க் காசு, பன்னிரண்டு.
"பஸ்ஸுல வாங்க மாட்டேங்கறான்.
கடையில வாங்க மாட்டேங்கறான்.
சர்க்கார் அடிச்ச காசு,
சர்க்கார்தான வாங்கோணும்."
வாங்கினேன்.

"வண்டி உள்ளார வருமா?"
எழுதிப் போடுகிறேன் என்றேன்.
எங்கே எழுதி எங்கே போடுவது என்று
அவரும் கேட்கவில்லை.
பச்சைக் கூடையை நீட்டினார்.
"முனை வரைக்கும் போறவதான நீ."

வாழைப்பூ மடல், டீத்தூள்,
ஒடிந்த அகப்பைக் காம்பு.
கனமொன்றுமில்லை.
ஒரு இடுப்பில் மெஷின், ஒரு இடுப்பில் கூடை.

முனையில் வண்டி இல்லை.
இரண்டு தெரு தள்ளி
பாட்டு மட்டும் கேட்டது.
கைப்பையில் பன்னிரண்டும் குலுங்க ஓடினேன்.
காலையிலிருந்து எனக்காக யாருமே எழுந்திராத தெருக்களில்
படியில் உட்கார்ந்திருந்தவர்கள்
மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து
வழிவிட்டார்கள்.